அரக்கு மலையில் ஆளுக்கு ஒரு ஏக்கர் காபி

விசாகப்பட்டினத்திலிருந்து கிரந்துல் செல்லும் பயணிகள் ரயில் காலை 7 மணிக்கு முன்பே கிளம்பிவிடுகிறது. கொத்தவலசை தாண்டியதும் வண்டி மலையேறத் தொடங்கும். அதன்பிறகு ஒரு சுரங்கம், ஒரு பாலம், மறுபடி ஒரு சுரங்கம் என்று கிழக்குத் தொடர்ச்சி மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றியே பாதை போகிறது. சத்தீஸ்கரின் பைலடிலா மலையில் வெட்டிய இரும்புத் தாதுவைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து ஜப்பானுக்கு அனுப்புவதற்காக 1960-களில் போட்ட பாதை இது. இப்போது கண்ணாடிக் கூரை போட்ட பெட்டியும் உண்டு. அதில் சுற்றுலாப் பயணிகள் செல்போனை உயர்த்திப் பிடித்தபடி வருகிறார்கள்.

நாங்கள் சாதாரணப் பெட்டியில் இருந்தோம். திண்டுக்கல் மாவட்டம் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காபி, மிளகு விவசாயிகள் 18 பேர். கூடவே நான். கடந்த டிசம்பர் முதல் வாரத்தில் அவர்களாகவே காசு போட்டுக் கிளம்பிய கண்டுணர்வுப் பயணம் இது. அரக்கு பள்ளத்தாக்கில் போய்க் காபியைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம். குழுவில் மூத்தவரான ஒரு அண்ணன் தன் தோட்டத்துக் காபியைப் பொட்டலமாகக் கட்டிப் பையில் வைத்திருந்தார். “நம்ம சரக்கையும் அவங்ககிட்ட காட்டணும்ல தம்பி” என்றார். அந்தப் பொட்டலத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

குகையும் கோர்ட்டும்

அரக்குக்கு முன்னால் வருவது போரா குகை. தெலுங்கில் ‘போரா குஹலு’ என்ற பெயரில் தனி ரயில் நிலையமே இருக்கிறது. அனந்தகிரி மலையில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில், 80 மீட்டர் ஆழத்துக்கு இறங்கும் சுண்ணாம்புக் குகை. படிக்கட்டு, விளக்கு எல்லாம் போட்டிருக்கிறார்கள். கூரையிலிருந்து சுண்ணாம்பு விழுதுகள் தொங்குகின்றன. சொட்டும் நீர் விழுந்த இடத்தில் தரையிலிருந்து முளைகள் எழும்பியிருக்கின்றன. அப்படி எழுந்த ஒன்றைத்தான் சிவலிங்கமாக வைத்துக் கும்பிடுகிறார்கள். மேய்ந்துகொண்டிருந்த மாடு ஒன்று மேலே இருந்த துளை வழியாக உள்ளே விழுந்துவிட, தேடி வந்தவர்கள்தான் குகையைக் கண்டார்கள் என்பது ஊர்க்கதை. குகைக்குக் கீழே ஓடும் ஆற்றின் பெயர் கோஸ்தனி. பசுவின் மடி என்று பொருள். இந்த ஆறு கீழே இறங்கித் தாட்டிப்பூடி அணையில் தேங்கி, விசாகப்பட்டினத்துக்குக் குடிநீராகப் போகிறது.

விவசாயி குகையில் பார்க்க வேண்டியது வேறொன்று. இந்தக் குகையைக் குடைந்தது மழைநீர். மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கரியமில வாயு மழைநீரில் கரைகிறது. நீர் இலேசான அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புப் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போகிறது. நம் மலைத் தோட்டங்களின் மேல்மண்ணிலும் நடப்பது இதே வேலைதான். மழை அதிகம் பெய்யும் சரிவில் சுண்ணாம்புச் சத்து கரைந்து கீழே போய்விட, மண் புளித்துவிடுகிறது. புளித்த மண்ணில் போடும் மணிச்சத்து மண்ணிலேயே கட்டிப்போய்ச் செடிக்குக் கிடைக்காமல் போகும். “அதான் சுண்ணாம்பு போடு, சுண்ணாம்பு போடுன்னு சொல்றாங்களா?” என்று ஒரு இளைஞர் விழுதைத் தடவியபடி கேட்டார். (தொடக் கூடாது என்று காவலர் விரட்டினார்.) அதேதான். மண் பரிசோதனை அட்டையில் கார அமில நிலை 6-க்குக் கீழே இருந்தால், அட்டையில் சொல்லும் அளவுக்கு விவசாயச் சுண்ணாம்போ டோலமைட்டோ போட வேண்டும். மண்ணில் ஈரம் இருக்கும்போது போட வேண்டும். உரத்தோடு கலந்து போடக் கூடாது. சில வாரமாவது இடைவெளி வேண்டும்.

குகைக்கு வெளியே கடைத்தெருவில் வறுத்த சோளக்கதிர், காட்டுத் தேன், மூங்கில் குழாயில் அடைத்துச் சுட்ட கோழி. விற்பவர்கள் எல்லோருமே சுற்று வட்டாரப் பழங்குடியினர். அது தற்செயல் அல்ல. இந்தியச் சட்ட வரலாற்றில் போரா என்ற பெயருக்குத் தனி இடம் இருக்கிறது. இந்தச் சுற்றுப்பகுதிக் கிராமங்களில் கால்சைட், மைக்கா போன்ற கனிமங்களை வெட்டத் தனியாருக்குக் குத்தகை கொடுத்ததை எதிர்த்து ‘சமதா’ என்ற தொண்டு அமைப்பு வழக்குப் போட்டது. 1997 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகளில், அரசு நிலமாகவே இருந்தாலும், பழங்குடி அல்லாத தனியாருக்கு அதைக் குத்தகைக்கு விடக் கூடாது என்பது அதன் சாரம். ஆந்திரத்தில் 1970-லேயே ‘ஒன் ஆஃப் செவன்ட்டி’ என்று மக்கள் சொல்லும் நிலமாற்றத் தடைச்சட்டம் வந்திருந்தது. பழங்குடியின் நிலத்தை வெளியாள் வாங்க முடியாது. அந்தச் சட்டத்துக்கு இந்தத் தீர்ப்பு பல் கொடுத்தது.

காபிக் கட்டுரையில் இது எதற்கு என்று கேட்கலாம். ஊட்டி, கொடைக்கானல் போல இத்தனை அழகான இடத்தில், இத்தனை சுற்றுலாக் கூட்டத்துக்கு நடுவில், ஒன்றும் இரண்டும் ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயி இன்னும் நிலத்தோடு இருப்பதற்கு இது பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று எதுவும் கிடையாது. எங்கள் குழுவில் இருந்த ஒருவர், தன் தோட்டத்தைச் சுற்றி நான்கு பக்கமும் ‘ரிசார்ட்’ வந்துவிட்டதை ரயிலிலேயே சொல்லிப் புலம்பியிருந்தார். குகை வாசலில் இந்தக் கதையைக் கேட்டதும் அவர் வெகுநேரம் பேசவில்லை.

மஞ்சள் வயல்

போராவிலிருந்து அரக்குக்குச் சாலை வழியே 35 கிலோமீட்டர் போல. ஏறி இறங்கி, திடீரென்று மலைகளுக்கு நடுவே தட்டு வைத்ததுபோல் பள்ளத்தாக்கு விரிகிறது. நாங்கள் போன நேரத்தில் சரிவெல்லாம் மஞ்சள். ‘வலிசெ’ பூ என்கிறார்கள். நம் ஊரில் பேயெள்ளு. கிருஷ்ணகிரிப் பக்கம் உச்செள்ளு என்றால் உடனே புரியும். மழை முடியும் நேரத்தில் தூவிவிட்டால், மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலேயே வளர்ந்து நவம்பர், டிசம்பரில் பூக்கும் எண்ணெய் வித்து.

பூ வந்துவிட்டால் போட்டோ எடுக்கக் கூட்டமும் வந்துவிடும். வயலுக்கு நடுவில் ஊஞ்சல், இதய வடிவத்தில் வளைவு எல்லாம் கட்டி, ஆளுக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறார்கள். நாங்களும் 20 ரூபாய் கொடுத்து இறங்கினோம். நல்ல வருமானமாயிற்றே என்று கேட்டதற்கு அந்த வயல்காரப் பெண் சிரித்தார். பூவில் வரும் காசு அன்றைக்கே கைக்கு வருகிறதாம். மிதிபட்ட இடத்தில் எள் வராதாம். எது கூட என்று இன்னும் கணக்குப் பார்க்கவில்லை என்றார். பேயெள்ளு தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத பயிர். தேனீ வந்து ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குக் கொண்டுபோனால்தான் விதை பிடிக்கும். ஆள் நடமாட்டத்தில் தேனீ ஒதுங்கினால் நட்டம் மிதிபட்ட இடத்தோடு நிற்காது. சூரியகாந்தி போட்டுப் போட்டோவுக்குக் காசு வாங்கும் தென்காசிப் பக்கத்து விவசாயிகளும் இதை யோசிக்கலாம்.

வலிசெக்குப் பக்கத்திலேயே கேழ்வரகு, சாமை அறுத்த தாள் நிற்கிறது. இஞ்சி, மஞ்சள், ராஜ்மா, திப்பிலி எல்லாம் இந்த மலையில் உண்டு. ஆனால் காசு என்றால் காபிதான்.

எரித்த காட்டில் நட்ட நிழல்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதிக்குக் காபி வந்தது 1898-ல், கோதாவரிப் பக்கத்துப் பாமுலேரு பள்ளத்தாக்கில் ஒரு ஆங்கில அதிகாரி நட்டபோது என்கிறார்கள். ஆனால் அது சிறு விவசாயியின் பயிராக மாறியது வெகு காலம் கழித்துத்தான். அதுவரை இங்கே நடந்தது ‘போடு’ விவசாயம். சரிவில் மரத்தை வெட்டி எரித்து, சாம்பல் சூட்டில் சாமை, கேழ்வரகு விதைத்து, இரண்டு மூன்று வருடத்தில் மண் சலித்ததும் அடுத்த சரிவுக்கு நகர்வது. நம் மலைகளில் புனக்காடு என்பார்களே, அதேதான். ஆள் குறைவாக, காடு அதிகமாக இருந்தவரை அது கெடுதல் இல்லை. விட்டுவந்த சரிவில் மறுபடி மரம் வளர அவகாசம் இருந்தது. குடும்பங்கள் பெருகி, அவகாசம் சுருங்கியபோது மலை மொட்டையானது.

பாடேருவில் இருக்கும் பழங்குடி ஒருங்கிணைந்த வளர்ச்சி முகமை அந்த மொட்டைச் சரிவுகளில் முதலில் சில்வர் ஓக் நட வைத்தது. மரம் இரண்டு, மூன்று வருடம் வளர்ந்து நிழல் விழுந்த பிறகு அதன் கீழே அரபிகா காபி. மரத்தில் மிளகு. குழி வெட்டிய, செடி நட்ட கூலியைப் பின்னாளில் நூறு நாள் வேலைத் திட்டத்திலிருந்தே கொடுத்தார்கள். தன் நிலத்தில் தானே குழி வெட்டிக் கூலியும் வாங்கலாம் என்பது எங்கள் குழுவினரை மிகவும் கவர்ந்தது. இன்று இந்த மலைத்தொகுதியில் 2 லட்சம் ஏக்கருக்கு மேல் காபி இருக்கிறது. வளர்ப்பவர்களும் 2 லட்சம் குடும்பங்களுக்குக் குறையாது. அதாவது குடும்பத்துக்கு ஏறக்குறைய ஒரு ஏக்கர்தான். கூர்க்கிலும் சிக்மகளூரிலும் நாம் பார்க்கும் எஸ்டேட், கங்காணி, லைன் வீடு எதுவும் இங்கே கண்ணில் படவில்லை.

2019-ல் கூர்க், வயநாடு, சிக்மகளூர், பாபாபுடன்கிரிக் காபிகளோடு ‘அரக்கு பள்ளத்தாக்கு அரபிகா’வும் புவிசார் குறியீடு பெற்றது. அதற்கு இரண்டு வருடம் முன்பே பாரிஸ் நகரில் இந்தக் காபிக்கென்று தனிக் கடை திறந்தாகிவிட்டது. 2023-ல் டெல்லியில் நடந்த ஜி-20 மாநாட்டுக்கு வந்த தலைவர்களுக்குக் கொடுத்த பரிசுப் பெட்டியிலும் இது இருந்தது. பெயர் வந்துவிட்டது. பெயருக்கு ஏற்ற காசு ஒரு ஏக்கர்காரரின் கைக்கு வருகிறதா என்பது பழம் பறிப்பதில் தொடங்கும் விஷயம்.

பொட்டலம்

அரக்கிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஒரு சிற்றூர். ஜீப் நின்ற இடத்திலிருந்து அரை மணி நேரம் நடை. எங்களில் ஒருவர் வீட்டில் தெலுங்கு பேசுபவர் என்பதால் மொழிபெயர்ப்புக்கு அவரை நம்பியிருந்தோம். போய்ப் பார்த்தால் ஊர்ப் பெரியவர்கள் தமக்குள் பேசுவது ஒடியா கலந்த மலைமொழி. தேனித் தெலுங்கு பாதிவரைதான் செல்லுபடியானது. மீதிக்குக் களப்பணியாளர் ஒருவர் கைகொடுத்தார்.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் நம்மவர்கள் முகம் மலர்ந்துவிட்டது. கிளை கிளையாகச் சிவந்த பழம். அப்போதுதான் அண்ணன் தன் பொட்டலத்தை வெளியே எடுத்தார். அரைக் கிலோ போல, பழமாகவே காயவைத்த செர்ரி. தோட்டக்காரர் கையில் கொடுக்கப்போனார்.

களப்பணியாளர் நடுவில் வந்து அதை வாங்கிக்கொண்டார். வாங்கிய வேகத்தில் எங்களுக்குச் சங்கடமாகிவிட்டது. எந்த ஊரிலிருந்து கொண்டுவந்தது, எப்போது பறித்தது, வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். பொட்டலத்தைப் பிரித்து ஒரு கை அள்ளி, ஒவ்வொரு பழத்தின் அடியையும் பார்த்தார். நாலைந்தில் குண்டூசியால் குத்தியதுபோல் ஓட்டை. அதில் ஒன்றை நகத்தால் பிளந்து உள்ளங்கையில் தட்டினார். கடுகில் பாதி அளவுக்கு ஒரு கறுப்புப் பூச்சி. அசையவில்லை. ஆனாலும் அவர் விடவில்லை. தோட்டக்காரர் வீட்டு அடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்து, பொட்டலம் மொத்தத்தையும் அதில் கொட்டி, பிறகு குழி தோண்டிப் புதைத்தார்கள். எங்கள் பைகளை எல்லாம் வெயிலில் உதறச் சொன்னார்கள். அண்ணனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

அது காபி காய்த்துளைப்பான் வண்டு. ஆப்பிரிக்காவில் பிறந்து, காபி விளையும் நாடுகளுக்கெல்லாம் பரவிய பூச்சி. இந்தியாவில் முதன்முதலாக இது தென்பட்டது 1990-ல், நம் நீலகிரி மாவட்டம் கூடலூரில். அங்கிருந்து கேரளம், கர்நாடகம், தமிழகத்தின் மற்ற காபி மலைகள் என்று பரவிவிட்டது. நாம் இதனோடு வாழப் பழகிவிட்டோம். பத்துக் காயில் ஒன்றிரண்டு ஓட்டை இருந்தால் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அரக்கு மலை மட்டும் தனியே, தூரமாக, 35 வருடம் தப்பித்து நின்றது. 2025 மழைக்காலத்தில் அங்கேயும் கண்டுபிடிக்கப்பட்டது. வண்டு விழுந்த தோட்டங்களில் காயை மொத்தமாக உருவி, கொதிநீரில் முக்கி, குழியில் புதைத்தார்கள். இழந்த காய்க்கு இழப்பீடும் அறிவிக்கப்பட்டது. இருந்தாலும் ஒரு ஏக்கர் வைத்திருப்பவருக்கு அந்த வருடக் காசு அந்தக் குழிக்குள்தான்.

வண்டு தானாகப் பறந்து இத்தனை தூரம் வராது. சாக்கில் வரும், லாரியில் வரும், விதைக்கென்று கொண்டுவரும் பழத்தில் வரும். “எங்களுக்கு எப்படி வந்ததுன்னு தெரியல. ஆனா வர்ற வழி இப்படித்தான்” என்று களப்பணியாளர் சொன்னதை மொழிபெயர்த்தபோது நம் தெலுங்குக்காரரின் குரல் இறங்கியிருந்தது. வெளிமாநிலத்துக்குக் கண்டுணர்வுப் பயணம் அழைத்துப் போகும் வேளாண், தோட்டக்கலைத் துறை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிளம்புவதற்கு முன்பு பைகளைப் பாருங்கள். காபி என்று இல்லை, எந்தப் பயிரின் காய், கன்று, மண் என்றாலும் வீட்டிலேயே விட்டுவரச் சொல்லுங்கள். ஆர்வத்தில் எடுத்து வருபவர் நல்ல விவசாயியாகத்தான் இருப்பார்.

மிச்சப் பழத்தில் உயிர்

பெண் வண்டு காயின் தொப்புளில் துளை போட்டு உள்ளே போய், பருப்பிலேயே முட்டையிடுகிறது. குஞ்சுகள் பருப்பைத் தின்று, உள்ளேயே இணைசேர்ந்து, புதிய பெண் வண்டுகள் வெளியே வருகின்றன. காய்க்குள் இருக்கும்போது மருந்து எட்டாது. அறுவடை முடிந்து அடுத்த காய் முற்றும்வரை, செடியில் விட்டுப்போன பழத்திலும் தரையில் உதிர்ந்த பழத்திலும்தான் அது உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த மிச்சத்தை எடுத்துவிட்டால் அதற்கு வீடு இல்லை.

இது நமக்கும் தெரிந்ததுதான். தாண்டிக்குடியில் உள்ள காபி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் எத்தனையோ முறை சொல்லியிருப்பார்கள். ஆனால் அரக்கில் அதைச் செய்வதைக் கண்ணால் பார்த்தோம். பறிக்கும் செடிக்குக் கீழே தார்ப்பாய் விரித்து, அதன் மேல் நின்று பறிக்கிறார்கள். விழும் பழம் மண்ணுக்குப் போவதில்லை. கடைசிப் பறிப்பு முடிந்ததும் பிள்ளைகள் உட்பட வீடே இறங்கி உதிர்ந்ததைப் பொறுக்க வேண்டும் என்று ஊர்க் கூட்டத்தில் பேசியிருக்கிறார்கள். ஒரு ஏக்கர் என்பதன் பலம் அங்கே தெரிகிறது. பத்து ஏக்கர்காரருக்குக் கீழே விழுந்ததைப் பொறுக்கக் கூலி கட்டாது. இங்கே அது வீட்டு வேலை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த மலையில் பெரும்பாலானோர் இரசாயன உரமோ மருந்தோ போடுவதில்லை. அந்தப் பெயரால்தான் வெளிநாட்டில் விலை. எனவே தோட்டச் சுத்தம், மெத்தனால், எத்தனால் கலந்த கவர்ச்சிப் பொறி, பவேரியா பூஞ்சாணம் ஆகிய மூன்றுதான் அவர்கள் கையில் உள்ள ஆயுதங்கள். காயவைக்கும்போது பார்ச்மென்ட்டை 10 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் மூட்டைக்குள் வண்டு பெருகாது. சாக்கைப் புகைமூட்டம் போடாமல் ஊர்விட்டு ஊர் அனுப்பக் கூடாது.

நிழலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரபிகாவின் இன்னொரு எதிரியான வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வெயில் படும் செடியைத்தான் தேடி வரும். நிழலைக் குறைத்தால் காய் கூடும் என்று கவாத்துக் கத்தியை ஓட்டியவர்கள் நம்மில் நிறையப் பேர். அரக்கிலும் ஒரே வகையாகச் சில்வர் ஓக் நின்ற இடங்களுக்கு 2014 அக்டோபரில் வந்த ஹுட்ஹுட் புயல் பாடம் சொல்லிக் கொடுத்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இந்த மரம் வேகமாக வளரும், நெட்டுக்குத்தாக நிற்கும், மிளகு ஏற்றத் தோது. ஆனால் காற்றுக்கு ஒடியும். ஒடிந்து காபியின் மேலேயே விழும். 2018 கஜா புயலில் கீழ்ப்பழனி மலையில் பார்த்ததுதானே! இப்போது அங்கே பலா, மா, நாட்டு மரங்களைக் கலந்து வைப்பதைப் பார்த்தோம். நம் ஊரில் கல்யாண முருங்கை, பலா, வாழை என்று இரண்டடுக்கு நிழல் வைத்திருந்த தாத்தாக்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

பழமா, பார்ச்மென்ட்டா?

100 கிலோ சிவந்த பழத்தை அன்றே பல்பரில் போட்டுத் தோல் நீக்கி, புளிக்கவைத்து, கழுவிக் காயவைத்தால் ஏறக்குறைய 20 கிலோ பார்ச்மென்ட் வரும். அதில் சுமார் 16 கிலோ சுத்தக் காபி. பச்சையும் சிவப்புமாக உருவிப் பறித்தால் எடை இருப்பதுபோல் தெரியும். பல்பரில் பச்சைக்காய் தோல் உரியாது, பருப்பு நசுங்கும், கோப்பையில் கசக்கும்.

இங்கேயும் எல்லாம் சரியாக நடப்பதாகச் சொல்ல மாட்டேன். வாரச் சந்தைக்குப் போனோம். அவசரக் காசுக்காகப் பாதி காய்ந்த செர்ரியைச் சாக்கில் கொண்டுவந்து, தராசில் என்ன நிற்கிறதோ அதற்கு வாங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தோம். உப்பு, மண்ணெண்ணெய், துணி வாங்க முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே சரக்குப் போவது மலைக்கு மலை மாறாத பழக்கம். அதை உடைக்கத்தான் 1956-லேயே ‘கிரிஜன்’ கூட்டுறவு நிறுவனத்தை அரசு தொடங்கியது. அவர்கள் பருவத்தின் தொடக்கத்திலேயே விலை அறிவித்து வாங்குகிறார்கள். விலை தெரிந்துவிட்டால் வியாபாரியும் அதற்கு ரொம்பக் கீழே போக முடியாது. வேறு சில விவசாயிகள் தங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் சிவந்த பழத்தை மட்டும் பழமாகவே கொடுத்துவிடுகிறார்கள். அரைப்பது, புளிக்கவைப்பது, காயவைப்பது எல்லாம் ஒரே இடத்தில். தரம் ஒரே சீராக இருப்பதால்தான் பாரிஸ்வரை போக முடிகிறது.

வீட்டிலேயே கைப் பல்பர் வைத்திருக்கும் ஒரு அம்மா புளிப்புப் பதம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். குளிர் அதிகமான நாளில் 36 மணி நேரம்வரை விடுகிறார். கடிகாரத்தை நம்புவதில்லை. ஒரு கை அள்ளித் தேய்க்கிறார். வழவழப்பு போய்க் கூழாங்கல் உரசுவதுபோல் நறநறத்தால் கழுவ வேண்டியதுதான். காயப்போட மூங்கில் தட்டி, தரைக்கு மூன்றடி உயரத்தில். சிமென்ட் களத்துக்கு லட்சக்கணக்கில் கடன் வாங்கிய நம்மவர் ஒருவர் அந்தத் தட்டியை நாலு பக்கமிருந்தும் போட்டோ எடுத்துக்கொண்டார்.

போக நினைப்பவர்களுக்கு: நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரிவரை பறிப்பு நடக்கும். சென்னையிலிருந்து விசாகப்பட்டினம் ஓரிரவு ரயில். அங்கிருந்து மலை ரயிலில் நாலு மணி நேரம், சாலை வழியே 115 கிலோமீட்டர். சனி, ஞாயிறில் போகாதீர்கள், குகையில் கூட்டம் நெரியும். கம்பளி வேண்டும். தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள், பாடேரு அலுவலகத்திலோ சிந்தப்பள்ளிப் பக்கம் ஆர்.வி.நகரில் உள்ள காபி வாரிய ஆராய்ச்சி நிலையத்திலோ.

ஊர் திரும்பிய பத்தாம் நாள் அண்ணன் போன் செய்தார். கடைசிப் பறிப்பு முடிந்த மேட்டுப் பாத்தியில் மட்டும் வீட்டார் மூன்று பேர் இரண்டு நாள் குனிந்து பொறுக்கியிருக்கிறார்கள். நாலு படி பழம் சேர்ந்திருக்கிறது. அதில் பாதிக்கு மேல் ஓட்டையாம்.

“கொதிக்க வெச்சுட்டேன் தம்பி” என்றார். “எந்தப் பானையிலன்னு உங்க அண்ணி கேக்குறா. அதுக்குத்தான் பதில் இல்ல.”